எழுபத்தைந்து சதவீதம்

சனிக்கிழமை.
வேளச்சேரியில் ஏறிப் பறக்கும் ரயிலில்
சேப்பாக்கம் வகுப்புக்குப் போகிறேன்.
மெய்ப்பொருளியல், தாள் இரண்டு.
எங்கே விட்டேன் என்பதற்கு அடையாளமாக
நூலுக்குள் ஒரு கிளெய்ம் படிவம்.

நான் சர்வேயர். நிலம் அளப்பவள் இல்லை,
அடிபட்ட வண்டிகளுக்கு விலை போடுபவள்.
ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்புகளில்
குனிந்து டார்ச் அடித்து
சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து
எது மிச்சம் எது போச்சு என்று எழுதுவேன்.
மதிப்பில் முக்கால் பங்கை ரிப்பேர் செலவு தாண்டினால்
முழு இழப்பு.
எழுபத்துநாலரையில் கார் உண்டு.
எழுபத்தைந்தரையில் கார் இல்லை.
பலகை பலகையாக மாற்றிய கப்பலை வைத்துக்கொண்டு
கிரேக்கர்கள் இத்தனை நூற்றாண்டு திணறியதற்கு
எங்கள் சர்க்குலர் ஒன்று போதுமே
என்றேன் நூருன்னிசாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.
குறிப்பெடுத்துக்கொண்டாள்.

அன்றைய பாடம் துளைகள்.
துளை ஒரு பொருளா,
பொருள் இல்லாத இடமா?
திருமயிலை நிறுத்தத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன்,
மெட்ரோ தோண்டிய பள்ளம்,
சுற்றிலும் தகரம்,
தகரத்தில் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்'.
இல்லாத ஒன்றுக்கா இவ்வளவு வேலி?
பின்வரிசையில் ஜெபஸ்டின் எழுந்தான்:
'தரமணியில் ஒரு பள்ளத்தில் விழுந்தேன் மேடம்,
இல்லாததில் விழ முடியுமா?'
முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினான்.

டிசம்பரில் தண்ணீர் வந்தது.
பள்ளிக்கரணையில் ஒரே தெருவில் முப்பத்தொன்பது கார்கள்,
எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்குக்கு மேலே
ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு.
இருபத்தாறாவது, வெள்ளை.
இடது பின்கதவில் ஆக்டோபஸ் ஸ்டிக்கர்,
ஒரு கை உரிந்து ஏழு கை.
சொந்தக்காரர் அப்பாண்டைராஜ்
படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்:
'எந்த நிமிஷத்துல மேடம்
அது காரா இல்லாம போச்சு?
ராத்திரி ரெண்டு மணிக்கு மாடியிலேருந்து பாத்தேன்.
தண்ணிக்குள்ள ஹெட்லைட் தானா எரிஞ்சுது.
ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்துது.
அப்ப இருந்துதா?'

கோபமில்லை அவருக்கு.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
நான்கு கொள்கைகள் உண்டு அதற்கு,
மூன்றாவது அலகு, பதினான்காம் பக்கத்திலிருந்து.
நான் சொன்னது:
'இங்க ஒரு கையெழுத்து, சார்.'

மெய் என்றால் உண்மை.
மெய் என்றால் உடம்பும்.
பொருள் என்றால் அர்த்தம், சாமான், காசு.
நம்மைக் கேட்காமல் இந்த மொழி
எப்போதோ முடிவெடுத்துவிட்டது.
மூன்றுக்கும் சேர்த்து
நான் ஒரே கட்டத்தில் ஒரு தொகை எழுதுகிறேன்.

ஏப்ரலில் வேறு ஒரு கேஸ், புதுப்பேட்டை.
கூவம் வாடை வீசும் சந்தில்
பம்பர்கள் ஒரு பக்கம், கண்ணாடிகள் ஒரு பக்கம்,
சுவரில் சாத்திய கதவு வரிசையில்
ஏழு கை ஆக்டோபஸ்.
'மூவாயிரத்தைந்நூறு. உங்களுக்குன்னா மூணு' என்றான் பையன்.
கைப்பிடியை இழுத்தேன்.
தாழ் விடுபட்டுக் 'கிளிக்' என்றது.
திறந்துவிட்டது.
எதைத் திறந்தது என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
மூடவும் தெரியவில்லை.

மே மாதம் தேர்வு.
'எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக.'
தெரிவு என்று ஒன்று இல்லவே இல்லை
என்று நிறுவும் கேள்வியை
நானாகத் தெரிந்தெடுத்து எழுதினேன்.
அடுத்தது:
மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள்
அதுவாகவே நீடிப்பது எங்ஙனம்?
நான்கு கொள்கைகளையும் எழுதி முடித்த பின்னும்
அரைப்பக்கம் மிச்சம்.
கை ஓரத்தில் அந்த வண்டி எண்ணை எழுதியது.

அப்போதுதான் முகப்பில் அச்சிட்ட விதியைப் பார்த்தேன்:
'விடைத்தாளில் அடையாளம் தெரியும்படி
எதையும் எழுதுதல் கூடாது.'

அடித்தேன்.
அடித்த கோட்டுக்கு அடியில்
எண் தெரிகிறது.